ரத்தக்காட்டேரிப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வாம்பயர் படங்களை நண்பர்களைக் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டுவது என் வழக்கம். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் வரும் கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தொகுத்தேன். காட்டேரிக்கென்று நாம் நம்பும் விதிகளில் பாதி, ஏதோ ஒரு படப்பிடிப்பில் அல்லது நாடக மேடையில், அன்றைய தேவைக்காகப் பிறந்தவை. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் இந்தப் படங்கள் இன்னும் நன்றாக இருக்கும். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

டிராகுலாவும் வாம்பயரும் ஒண்ணுதானே? எதுக்கு ரெண்டு பேரு?

வாம்பயர் என்பது இனம், டிராகுலா அந்த இனத்தில் ஒருவனுடைய பெயர். செத்தும் சாகாமல், உயிருள்ளவர்களின் ரத்தத்தைக் குடித்துக்கொண்டு திரியும் பிணம்தான் வாம்பயர். தமிழில் ரத்தக்காட்டேரி என்று சொல்லிவிடுகிறோம். டிராகுலா, பிராம் ஸ்டோக்கர் என்ற அயர்லாந்து எழுத்தாளர் 1897இல் எழுதிய நாவலின் பாத்திரம்.

அவனுக்கு முன்பே இந்த இனத்துக்குப் பெரிய புள்ளிகள் உண்டு. ஜான் பாலிடோரி எழுதி 1819இல் வெளியான கதையில்தான் காட்டேரி முதன்முதலாகச் சீமான் வீட்டு ஆளாக, விருந்துகளுக்குப் போகிறவனாக வருகிறது. 1872இல் ஷெரிடன் லெ ஃபானு எழுதிய கார்மில்லா ஒரு பெண் வாம்பயர். டிராகுலாவுக்கு 25 வயது மூத்தவள். ஆனால் சினிமா டிராகுலாவைத்தான் தோளில் தூக்கிக்கொண்டது. அதனால் ஒருவன் பெயரே இனத்தின் பெயராகிவிட்டது.

முதல் வாம்பயர் படம் எது?

1921இல் ஹங்கேரியில் டிராகுலா பெயரை வைத்து ஒரு படம் வந்தது. பிரதி எதுவும் மிஞ்சவில்லை. இன்று நாம் பார்க்க முடிகிற டிராகுலாக் கதைகளில் மூத்தது, 1922இல் ஜெர்மனியில் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த நோஸ்ஃபெராட்டு என்ற ஊமைப் படம். டிராகுலா அதில் ஓர்லாக் பிரபு ஆனார். நடித்தவர் மாக்ஸ் ஷ்ரெக்.

பெயர்களை மாற்றினார்களே தவிர, படத்தின் தொடக்க எழுத்துகளில் ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது என்று ஒளிக்காமல் போட்டுவிட்டார்கள். அனுமதி மட்டும் வாங்கவில்லை. ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டார். படத்தை எடுத்த பிரானா நிறுவனம் அந்த ஒரு படத்தோடு திவாலானது. 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. அதற்குள் சில பிரதிகள் வெளிநாடுகளுக்குப் போயிருந்தன. நாம் பார்ப்பது அவற்றின் வாரிசுகளை.

ஓர்லாக் பட்டப்பகல்ல சவப்பெட்டியைத் தூக்கிட்டுத் தெருவுல நடக்கிறாரே, வெயில் ஒண்ணும் பண்ணலையா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அது பகல் இல்லை, இரவுக் காட்சி. அன்றைய படச்சுருளில் உண்மையான இருட்டில் படமெடுப்பது மிகவும் கடினம். அதனால் இரவுக் காட்சிகளையும் பகலில் எடுத்து, பிரதியை நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். நீலம் என்றால் இரவு, மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம் என்று அன்றைய பார்வையாளர்களுக்குப் பழக்கம்.

பின்னால் வந்த பல மலிவுப் பிரதிகளில் சாயமே கிடையாது. வெறும் கறுப்பு வெள்ளை. அதைப் பார்க்கிறவர்களுக்குப் பிரபு வெயிலில் உலாவுவதாகத்தான் தெரியும். வண்ணச் சாயத்தோடு சீரமைத்த பிரதியைத் தேடிப் பாருங்கள். படத்தின் பயமே மாறிவிடும்.

சூரிய ஒளி பட்டா வாம்பயர் செத்துடும்ங்கிறது ரொம்பப் பழைய நம்பிக்கைதானே?

இல்லை. அது அதே 1922 படம் கொண்டுவந்தது. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். நாவலின் முடிவில் அவன் சாவது கத்தியால். ஒருவர் தொண்டையை அறுக்க, இன்னொருவர் நெஞ்சில் குத்துகிறார்.

நோஸ்ஃபெராட்டுவின் முடிவை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கதாநாயகி எல்லன் தன் ரத்தத்தைக் கொடுத்து ஓர்லாக்கை விடியும்வரை பிடித்து வைக்கிறாள். சேவல் கூவுகிறது. ஓர்லாக் எழுந்து ஜன்னல் பக்கம் வர, வெளிச்சம் மேலே விழுகிறது. ஒரு கையை நெஞ்சில் வைத்தபடி அப்படியே கரைந்துபோகிறார். தரையில் கொஞ்சம் புகை. கத்தி, கட்டை எதுவும் வேண்டாம். வெளிச்சத்தை வைத்தே கதை சொல்லும் கலைக்கு வெளிச்சமே ஆயுதமாகக் கிடைத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் இதை விடவே இல்லை.

கறுப்பு மேலங்கி, தூக்கின காலர், கோட்டு சூட்டு... இதெல்லாம் நாவல்ல இருக்கா?

நாவலில் அவன் நீண்ட வெள்ளை மீசை வைத்த கிழவன், உச்சி முதல் பாதம் வரை கறுப்பு உடை. ரத்தம் குடிக்கக் குடிக்க இளமையாகிறான். விருந்துக்குப் போகிற சீமான் வேடம் நாடக மேடையில் வந்தது. 1920களில் ஹாமில்டன் டீன் இங்கிலாந்தில் டிராகுலாவை நாடகமாக்கினார். வரவேற்பறையில் உட்கார்ந்து பேசுகிற ஆளாக அவனை மாற்றியதால் உடையும் மாறியது.

அந்தத் தூக்கின காலருக்கு ஒரு வேலை இருந்தது. நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி நிற்பார். காலர் அவர் தலையை மறைக்கும். மற்ற நடிகர்கள் மேலங்கியைப் பிடித்துக்கொள்ள, அவர் மேடைத் தரையில் உள்ள கதவு வழியாக நழுவி இறங்கிவிடுவார். பிடித்தவர்கள் கையில் வெறும் துணி மட்டும் மிஞ்சும். மாயமாக மறைந்த மாதிரி இருக்கும். அந்தத் தந்திரம் சினிமாவுக்குத் தேவைப்படவில்லை, ஆனாலும் காலர் ஒட்டிக்கொண்டது.

1931 டிராகுலா ரொம்ப மெதுவா போகுதே, இதுக்கா இவ்வளவு பேரு?

டாட் பிரௌனிங் இயக்கி யுனிவர்சல் எடுத்த படம். பேசும் படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பல தியேட்டர்களில் ஒலிக்கருவி இல்லாததால் ஊமைப் பதிப்பு ஒன்றையும் வெளியிட்டார்கள். பின்னணி இசை போடும் பழக்கம் இன்னும் வரவில்லை. தொடக்கத்தில் சாய்கோவ்ஸ்கியின் அன்ன ஏரி இசை கொஞ்சம் வரும், அப்புறம் பெரும்பாலும் அமைதி. மேலே சொன்ன நாடகத்திலிருந்து எடுத்ததால், பாதிப் படம் வரவேற்பறையிலேயே நடக்கிறது. அந்தப் பகுதி தொய்வுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் முதல் 20 நிமிடத்தை இருட்டில், சத்தமில்லாத அறையில் பாருங்கள். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட் ஜெர்மனியிலிருந்து வந்தவர். பெலா லுகோசியின் கண்களில் மட்டும் விழும்படி மெல்லிய ஒளிக்கீற்று பாய்ச்சினார். முகம் இருட்டில் இருக்க, கண் மட்டும் எரியும். லுகோசி அதே பாத்திரத்தை நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நடித்துவிட்டு வந்தவர், ஹங்கேரிக்காரர். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, நடுவில் நிறுத்திப் பேசுவார். விருந்தாளிக்கு மது ஊற்றிவிட்டு, தான் அருந்துவதில்லை என்று சொல்லி ஒரு கணம் நிறுத்தி, பிறகு "ஒயின்" என்று முடிக்கும் இடம் நாவலில் கிடையாது. அந்த ஒரு கண இடைவெளிதான் இந்தப் படம். 1956இல் லுகோசி இறந்தபோது அவரை மேலங்கியோடுதான் அடக்கம் செய்தார்கள்.

1999இல் ஃபிலிப் கிளாஸ் இதற்குப் புதிதாக இசை அமைத்தார். நல்ல இசைதான். ஆனாலும் முதல்முறை பார்க்கிறவர்கள் அது இல்லாமல் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இதே படத்தோட ஸ்பானிஷ் பதிப்பு இதைவிட நல்லா இருக்குன்னு சொல்றாங்களே?

டப்பிங் வராத காலம். அதனால் அதே செட்டில், பகலில் ஆங்கிலக் குழுவும் இரவில் ஸ்பானிஷ் குழுவும் படமெடுத்தன. ஜார்ஜ் மெல்ஃபோர்ட் இயக்கினார். கார்லோஸ் வில்லரியாஸ், லுபிடா டோவர் நடித்தார்கள். பகல் குழு எடுத்ததைப் பார்த்துவிட்டு அதைவிட நன்றாக எடுக்கும் வாய்ப்பு இரவுக் குழுவுக்கு இருந்தது, எடுத்தும் காட்டினார்கள். கேமரா நகர்கிறது, காட்சிகள் முழுதாக வளர்கின்றன. படமும் ஆங்கிலப் பதிப்பைவிட அரை மணி நேரம் கூடுதல் நீளம்.

படமாக்கிய விதத்தில் ஸ்பானிஷ் பதிப்பு மேல். ஆனால் அதில் லுகோசி இல்லை. இரண்டையும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வந்து நிற்கும் இடம் இதுதான். நானும் அங்கேதான் நிற்கிறேன்.

லுகோசிக்குக் கோரைப்பல்லே காணோமே! அது எப்ப வந்துச்சு?

ஆமாம், அவர் படம் முழுக்கப் பல்லைக் காட்டுவதே இல்லை. கழுத்தில் கடிப்பதும் காட்டப்படாது. மேலங்கி மூடிக்கொள்ளும், காட்சி மாறிவிடும். ஓர்லாக்கின் பல் வேறு வகை, எலியைப் போல முன்பற்கள் இரண்டு. படத்தில் அவரோடு எலிகளும் கொள்ளைநோயும் வருவதால் அது பொருத்தம்.

இன்று நாம் அறிந்த நீண்ட கோரைப்பல் 1950களில் திரைக்கு வருகிறது. 1953இல் துருக்கியில் எடுத்த டிராகுலா படத்தில் இருக்கிறது, 1957இல் மெக்சிகோவின் எல் வாம்பிரோவில் ஹெர்மன் ரோப்லெஸுக்கு இருக்கிறது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் ஹாமர் நிறுவனம் அதையே வண்ணத்தில் காட்டியதும் உலகம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

வௌவாலா மாறுறது?

நாவலிலேயே உண்டு. ரத்தம் குடிக்கும் வௌவால்கள் மத்திய, தென் அமெரிக்காவில்தான் வாழ்கின்றன. ஐரோப்பியர்கள் தங்கள் கதைகளில் இருந்த பெயரை அவற்றுக்கு வைத்தார்கள்.

லுகோசியா, கிறிஸ்டோபர் லீயா?

1958இல் ஹாமருக்காக டெரன்ஸ் ஃபிஷர் எடுத்த டிராகுலாவில் லீ வந்து நிற்பதைப் பார்த்தால் இந்தக் கேள்வி ஏன் வருகிறது என்று புரியும். ஆறடிக்கு மேல் உயரம், வேகமான நடை. முதலில் மரியாதையான வீட்டுக்காரர்போல் இரண்டு வார்த்தை பேசுவார். அடுத்து நாம் பார்க்கும்போது கண் சிவந்து, வாயில் ரத்தம் வழியக் கதவைத் திறந்துகொண்டு வந்து நிற்பார். அதற்குப் பிறகு படம் முழுக்க அவர் பேசுவதே இல்லை. லுகோசியின் பயம் குரலில் இருக்கிறது, லீயின் பயம் உடம்பில். வண்ணப் படத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரிந்தது அன்றைய பார்வையாளர்களுக்குப் பெரிய அதிர்ச்சி.

எனக்கு லீதான். அதில் பாதிப் பெருமை, எதிரே டிராகுலாவை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காக நின்ற பீட்டர் குஷிங்குக்கு. கடைசிச் சண்டையில் குஷிங் நீண்ட மேஜைமேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழித்து இறக்குவார். வெயில் உள்ளே பாயும். இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்துச் சிலுவையாக்கி டிராகுலாவை அந்த வெளிச்சத்துக்குள் தள்ளுவார். கடைசியில் தரையில் சாம்பலும் மோதிரமும் மிஞ்சும். 1922இல் பிறந்த விதி, இங்கே அடிதடிக் காட்சியாக வளர்ந்திருக்கிறது.

லீ ஹாமருக்காக 1973 வரை 7 முறை டிராகுலாவாக நடித்தார். 1966 படத்தில் அவருக்கு ஒரு வசனமும் இல்லை. எழுதிய வசனம் மோசமாக இருந்ததால் தானே பேச மறுத்ததாக லீ சொன்னார். தான் வசனமே எழுதவில்லை என்று கதாசிரியர் ஜிம்மி சாங்ஸ்டர் சொன்னார்.

1958 படத்துல நான் பார்த்த கடைசிக் காட்சியும் நண்பன் பார்த்ததும் வேற வேறயா இருக்கே?

இருவர் சொல்வதும் சரிதான். தணிக்கையில் சில துண்டுகள் வெட்டப்பட்டன. டிராகுலா தன் முகத்தோலைத் தானே விரலால் பிய்க்கும் காட்சி பலகாலம் யாருக்கும் கிடைக்கவில்லை. 2011இல் டோக்கியோ ஆவணக் காப்பகத்தில், தீயில் சேதமான பழைய சுருள்களில் அது இருப்பது தெரிந்தது. அதைச் சேர்த்துச் சீரமைத்த பதிப்பு அடுத்த ஆண்டு வந்தது.

வாம்பயர் மேல பரிதாபப்படுறது எப்ப ஆரம்பிச்சுது? 1994 படத்துலதானே?

ஆன் ரைஸின் 1976 நாவலிலிருந்து நீல் ஜோர்டன் 1994இல் எடுத்த இன்டர்வியூ வித் த வாம்பயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதில் காட்டேரியே தன் கதையைச் சொல்கிறது. வளரவே முடியாத சிறுமியாகக் கிர்ஸ்டன் டன்ஸ்ட் வரும் காட்சிகள் நெஞ்சை அடைக்கும்.

ஆனால் தொடக்கம் அதற்கு வெகு முன்னால். 1936இல் வந்த டிராகுலாவின் மகள் படத்தில் குளோரியா ஹோல்டன், அப்பாவின் உடலைத் திருடிக் கொண்டுபோய் எரிக்கிறாள், சாபம் தன்னை விட்டுவிடும் என்ற நம்பிக்கையில். விடவில்லை. அப்புறம் மனநல மருத்துவரிடம் போய் உதவி கேட்கிறாள். குடியை விட முடியாதவரின் தவிப்பு அதில் அப்படியே தெரியும். பின்னால் வந்த சோகக் காட்டேரிகள் எல்லோருக்கும் அவள்தான் அக்கா. அந்தப் படத்தை அதிகம் பேர் பார்க்காதது எனக்குப் பெரிய வருத்தம்.

டிராகுலா செத்துப்போன மனைவியைத் தேடி வர்றாரே, அது உண்மைக் கதையா?

1992இல் இயக்குநர் கொப்பலா எடுத்த டிராகுலா படத்தைப் பார்த்தவர்கள் கேட்பது. நாவலில் அப்படி ஒரு காதலே இல்லை. ஸ்டோக்கர் முதலில் தன் பாத்திரத்துக்கு வேறு பெயர் வைத்திருந்தார். விட்பி என்ற ஊரின் நூலகத்தில் ஒரு வரலாற்று நூலைப் படித்தபோது டிராகுலா என்ற பெயர் கிடைத்தது, எடுத்துக்கொண்டார். 15ஆம் நூற்றாண்டில், இன்றைய ருமேனியாவில் உள்ள வலாக்கியாவை ஆண்ட விளாட் என்ற அரசனுடைய பெயர் அது. அவனுடைய வாழ்க்கையை ஸ்டோக்கர் பெரிதாகப் பயன்படுத்தவில்லை.

மறுபிறவிக் காதல் திரையில் வந்து சேர்ந்தது. 1972இல் வில்லியம் கிரெய்ன் இயக்கிய பிளாகுலாவில் வில்லியம் மார்ஷல் ஆப்பிரிக்க இளவரசராக நடித்தார். அடிமை வணிகத்தை எதிர்த்து நியாயம் கேட்க வந்தவரை டிராகுலா காட்டேரியாக்கிப் பெட்டியில் அடைக்கிறான். இரண்டு நூற்றாண்டு கழித்து எழுந்தவர், மனைவியின் சாயலில் ஒரு பெண்ணைப் பார்க்கிறார். 1974இல் டான் கர்ட்டிஸ் தொலைக்காட்சிக்கு எடுத்த டிராகுலாவில் அந்தக் காதலும் விளாட் கதையும் ஒன்றாகச் சேர்ந்தன. கொப்பலா அதைப் பிரம்மாண்டமாக்கினார். கணினி வரைகலையை ஒதுக்கிவிட்டு, இரட்டைப் பதிவு, பின்னோக்கி ஓடும் சுருள், சின்ன மாதிரி வடிவங்கள் என்று ஊமைப்படக் காலத்துத் தந்திரங்களைக் கையாண்டார். எய்கோ இஷியோகாவின் உடைகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

கோட்டை, சவப்பெட்டி இல்லாத வாம்பயர் படம் இருக்கா?

நிறைய. 1970களில் கோட்டை அலுத்துப்போனது. ஜார்ஜ் ரொமேரோவின் மார்ட்டினில் ஒரு இளைஞன் கோரைப்பல் இல்லாமல், ஊசியும் பிளேடும் வைத்துக்கொண்டு அலைகிறான். அவன் காட்டேரியா, நோயாளியா என்று படம் சொல்லாது.

1987இல் கேத்ரின் பிகலோ எடுத்த நியர் டார்க்கில் வாம்பயர் என்ற சொல்லே ஒருமுறையும் வராது. ஜன்னலை அடைத்த வண்டியில் ஊர் ஊராகத் திரியும் ஒரு கூட்டம். பகலில் அவர்கள் பதுங்கியிருக்கும் விடுதி அறையைப் போலீஸ் சுற்றி வளைத்துச் சுடுகிறது. தோட்டாக்கள் அவர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒவ்வொரு தோட்டாவும் சுவரில் துளை போடுகிறது; ஒவ்வொரு துளை வழியாகவும் ஒரு வெயில் கம்பி உள்ளே நீள்கிறது. அது பட்ட இடம் எரிகிறது. சூரிய ஒளி விதியை இதைவிட நன்றாகக் கையாண்ட காட்சியை நான் பார்த்ததில்லை.

மேற்கத்திய நாடுகள்ல மட்டும்தான் இந்தப் படமெல்லாம் எடுத்தாங்களா?

துருக்கியையும் மெக்சிகோவையும் மேலே சொன்னேன். பாகிஸ்தானில் 1967இல் ஜிந்தா லாஷ் வந்தது. அதில் சாகாவரம் தேடும் ஒரு விஞ்ஞானி, தான் தயாரித்த மருந்தைக் குடித்துக் காட்டேரியாகிறார். நடுவில் பாட்டும் நடனமும் உண்டு. ஹாங்காங்கின் மிஸ்டர் வாம்பயரில் (1985) வருவது வேறு மரபு. விறைத்த பிணம் கையை நீட்டிக்கொண்டு தத்தித் தத்தி வரும். மூச்சை அடக்கினால் அதற்கு நம்மைத் தெரியாது. நெற்றியில் மந்திரம் எழுதிய மஞ்சள் தாளை ஒட்டினால் நின்றுவிடும். லாம் சிங்-யிங் பூசாரியாக வந்து சண்டை போடுவார். பயமும் சிரிப்பும் கலந்த படம்.

வெயில்ல மின்னுற வாம்பயரை ஏத்துக்க முடியுமா?

ட்வைலைட்டை (2008) நினைத்துக் கேட்கிறார்கள். சூரியன் பட்டால் சாவதே 1922இல் வந்த மாற்றம் என்றால், சாகாமல் மின்னுவதை எந்த விதியைக் காட்டி மறுப்பது? எனக்கு அந்தப் படம் பிடிக்காததற்குக் காரணம் மின்னுவது இல்லை, அதில் பசி தெரியாததுதான்.

அதே ஆண்டு சுவீடனில் தாமஸ் ஆல்ஃப்ரெட்சன் எடுத்த லெட் த ரைட் ஒன் இன் படத்தில் பசி தெரியும். அழைக்காமல் வாம்பயர் வீட்டுக்குள் வரக் கூடாது என்று எல்லாப் படத்திலும் சொல்வார்கள்; வந்தால் என்ன ஆகும் என்று இந்தப் படம் காட்டுகிறது. சிறுவன் விளையாட்டாக அழைக்காமல் நிற்கிறான். ஏலி என்ற வாம்பயர் சிறுமி உள்ளே வந்து நிற்கிறாள். சில நொடியில் தலை, காது, கண் என்று உடம்பெங்கும் ரத்தம் கசிகிறது. அவன் பதறிப்போய் வா என்று சொல்லிக் கட்டிக்கொள்கிறான்.

2024 நோஸ்ஃபெராட்டுல ஓர்லாக்குக்கு மீசை வச்சது தப்புதானே?

நாவலின்படி சரி, மீசை அங்கே இருப்பதைப் பார்த்தோம். ராபர்ட் எக்கர்ஸ் மீசையோடு இன்னும் பின்னால், நாட்டார் கதைகளுக்கும் போகிறார். பில் ஸ்கார்ஸ்கார்டின் ஓர்லாக் அழுகிய பிணம். கழுத்தை விட்டுவிட்டு நெஞ்சில் ரத்தம் குடிக்கிறார். 1732இல் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்கள் செர்பியக் கிராமம் ஒன்றில் தோண்டிப் பார்த்து எழுதிய அறிக்கையில் வருவதும் சீமான்கள் இல்லை, ஊதிச் சிவந்த கிராமத்துப் பிணங்கள்தான்.

லண்டன் ஆஃப்டர் மிட்நைட் படம் எங்க கிடைக்கும்?

எங்கும் கிடைக்காது. 1931 டிராகுலாவை எடுத்த அதே பிரௌனிங் 1927இல் லான் சேனியை வைத்து எடுத்தது. கடைசியாக இருந்த பிரதி 1960களில் எம்ஜிஎம் படநிறுவனத்தின் கிடங்கில் தீ விபத்தில் போய்விட்டது. யாராவது முழுப் படம் இருக்கிறது என்று சொன்னால், அது பெரும்பாலும் மிஞ்சிய புகைப்படங்களை வரிசையாகக் கோத்து 2002இல் தொலைக்காட்சிக்காகச் செய்த பதிப்பாகத்தான் இருக்கும். பிரௌனிங் இதே கதையை 1935இல் லுகோசியை வைத்து மறுபடி எடுத்தார், அது கிடைக்கிறது.

புகைப்படங்களையாவது தேடிப் பாருங்கள். உயரமான தொப்பி, விரிந்த தலைமுடி, வாய் நிறையக் கூர்ப்பற்கள், பிதுங்கும் கண்கள். ஒப்பனையைச் சேனி தானே போட்டுக்கொள்வார். கதைப்படி அந்த வாம்பயர் ஒரு துப்பறிவாளரின் மாறுவேடம்.